காதோடு நிற்காத தறிச் சத்தம்

பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் நம் பேச்சு நமக்கே கேட்காது. உள்ளே வேலை செய்பவர்கள் கையசைவிலும் உதட்டசைவிலும்தான் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் குரல் தணியாது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது.

நாடா தறியில் சத்தம் பிறக்கும் இடம் தெளிவானது. நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் பிக்கர் என்னும் பாகம், ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை அடித்துத் தள்ள, அது மறுமுனைப் பெட்டியில் மோதி நிற்கிறது. ஒரே கூரைக்குக் கீழே பத்து, இருபது தறி ஓடினால் வெறும் சுவரும் தகரமும் ஒவ்வோர் அடியையும் திருப்பி அனுப்புகின்றன. இத்தகைய கூடங்களில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு நம் விதிகள் வைத்த வரம்பே 90தான். தறியிலோ பல இடங்களில் 12 மணி நேர ஷிப்ட்.

இந்தச் சத்தத்தில் உட்காதின் நுண்ணிய மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள் போகும். பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது.

எனக்கு இன்னும் பெரிய கவலை மற்ற உறுப்புகளைப் பற்றித்தான். "பழகிப்போச்சு" என்று வாய் சொன்னாலும் உடம்பு பழகுவதில்லை. பெருஞ்சத்தத்தை அது ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது: அட்ரினலின் சுரக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. வருடக்கணக்கில் இது நீடித்தால் ரத்தக் கொதிப்பும் எரிச்சலும் தூக்கக் கேடும் வந்து சேரலாம். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவருக்குப் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தொழில் நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. வீட்டோடு சேர்ந்த நாலு தறி, எட்டுத் தறிக் கூடங்களை எட்டிப் பார்க்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை.

காதடைப்பான் கொடுத்தாலும் பலர் மாட்டத் தயங்குகிறார்கள். தறி பிசகுவதைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்குத் துணி பாழானால் நஷ்டம். அவர்களது தயக்கத்தை அலட்சியம் என்று திட்டுவது அநியாயம். தேய்ந்த பிக்கரை உடனே மாற்றுவதும், தறியின் அடியில் ரப்பர் கொடுப்பதும், சத்தமில்லாத இடத்தில் இடைவேளை விடுவதும் உரிமையாளர் கையில் இருக்கின்றன.

2021 முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தறித் தெருக்களில் அவர்கள் "எத்தனை வருஷமா தறி ஓட்டறீங்க?" என்றும் கேட்டு, செவித்திறன் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க வேண்டும்.