உஷார்! கேம் திணறுகிறதா? கார்டு வாங்கப் போகும் முன் சூட்டைப் பாருங்கள்!

வீட்டில் பிள்ளை கேம் விளையாடும் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் எழுந்து போய், கேபினட்டின் பின்பக்கம் காற்று வெளியே வரும் இடத்தில் கையைக் காட்டுங்கள். சூடான காற்று வேகமாக வந்தால் பரவாயில்லை, சூடு வெளியேறுகிறது. ஆனால் பெட்டி கொதிக்கிறது, காற்றே வரவில்லை என்றால் உடனே ஷட் டவுன் செய்யச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

"அம்மா, கேம் ரொம்ப லேக் ஆகுது. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்." இந்த வசனத்தை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். அப்பாவும் போனஸ் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

கொடுக்காதீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் திணறுவது எப்போதும் பழசானதால் அல்ல. சூடு தாங்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதைக் குளிர்விக்காமல், இன்னும் பெரிய கார்டைச் சொருகினால் சூடு கூடும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். அதன் முடிவு என்ன என்பதை ஒரு வீட்டில் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மதுரைப் பக்கம் உள்ள குடும்பம். பெயர் வேண்டாம். பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். தீபாவளி சமயத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கினார்கள். மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தது. கேமைத் திறந்தால் முதலில் நன்றாக ஓடும். கால் மணி நேரம் கழித்துப் படம் விட்டு விட்டு நகரும். கடையில் கேட்டால், "கார்டு பத்தலை தம்பி" என்றார்கள். நம்பினான். பழைய கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, அதிக வாட்ஸ் இழுக்கும் ரகம். அதை வாங்கி மாட்டினான். உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மட்டும் அதே பழசு, கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத பிராண்டு.

கம்ப்யூட்டர் இருந்தது மர மேஜையின் கதவு வைத்த அறைக்குள். தூசி படக்கூடாது என்று அம்மாதான் கதவைச் சாத்தி வைப்பாராம். அந்தக் கார்டு வந்த பிறகு திணறல் இன்னும் மோசமானது. பையன் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். ஃபேன், மானிட்டர், சி.பி.யு., ஸ்பீக்கர், மொபைல் சார்ஜர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்.

ஒரு ராத்திரி விளையாடும்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தது. அவன் பவர் பட்டனை அழுத்தினான். வந்தது, அணைந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அணைந்தது. அதற்கடுத்த முறை "டப்" என்று ஒரு சத்தம். "அடுப்புல ஏதோ கருகுதுன்னு நினைச்சு நான் அடுப்படிக்கு ஓடினேங்க" என்றார் அந்த அம்மா. கருகியது அடுப்படியில் இல்லை. அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒரு துளை பழுப்பேறி உருகி, ப்ளக் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

மறுநாள் சர்வீஸ் செய்பவர் வந்து ப்ராசஸர் மேல் இருந்த கூலரைக் கழற்றினார். தனியாக வாங்கிப் பொருத்திய கூலர் அது. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டி வரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை அசெம்பிள் செய்தவர் உரிக்கவே இல்லை. உரிக்கச் சொல்லும் எச்சரிக்கை அதன் மேலேயே அச்சடித்திருந்தது. அந்தத் தாள் நடுவில் நின்று, ப்ராசஸரின் சூடு உலோகத்துக்கு ஏறாமல் முதல் நாளிலிருந்தே தடுத்திருக்கிறது. குளிர் மாதங்களில் எப்படியோ சமாளித்தது. வெயில் ஏறியதும் முடியவில்லை. ஆரம்பத்தில் வந்த திணறலுக்குக் காரணம் அதுதான். கார்டு மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை!

சூடு எப்படி வேகத்தைக் குறைக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. மேஜைக் கம்ப்யூட்டருக்கான இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றில் அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தை இறக்கிக்கொள்ளும். திரையில் கேம் திணறுவது அப்போதுதான். அதற்கும் மீறிச் சூடு ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும். அது கடைசித் தற்காப்பு.

அணைந்த கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரைசன் 7000 வரிசை முழு வேலையில் 95 டிகிரி வரை போவது இயல்பு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அதனால் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். சூடு உச்சியில் நிற்கும்போதே வேகமும் சரிகிறதா? அதுதான் ஆபத்தின் அடையாளம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஃபேன் வைத்த எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. அறை 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். கத்திரி வெயிலில் வேலூர், திருச்சி, மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் ஒழுங்காக ஓடியது மே மாதமும் ஓடும் என்று நம்பாதீர்கள்.

சரி, நம் வீட்டுத் திணறல் சூட்டால்தானா? நேரத்தைப் பாருங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திணறினால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். திறந்த நொடியிலிருந்தே மந்தம் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். இந்தத் தவறு நிறைய வீடுகளில் நடக்கிறது, கேபிளை மாற்றிச் சொருகினாலே தீர்ந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜர் போடாமல் விளையாடுகிறானா என்று பாருங்கள்.

சூட்டை அளக்கக் காசு வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் தனி கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பம் தெரியும். ப்ராசஸருக்கு எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அரை மணி நேரம் விளையாடவிட்டு எண்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் போவதானால் அந்த எண்களோடு போங்கள்.

கேமே ஓடவில்லை, ஆனால் ஃபேன் மட்டும் அலறுகிறதா? உஷார்!

காசு கொடுக்காமல் இறக்கிய கிராக் கேம்களோடு திருட்டு நிரலும் உள்ளே வரும். உங்கள் மின்சாரத்தில், உங்கள் கம்ப்யூட்டரில், எவனோ ஒருவனுக்குக் கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும். கிராக்கனோஷ் என்ற ஒன்றைப் பற்றி 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. ஜி.டி.ஏ. 5 போன்ற பிரபலமான கேம்களின் திருட்டுப் பிரதிகளில் ஒளிந்து, 2,22,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்தது. பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் உண்டு. விண்டோஸின் பாதுகாப்பையும் அப்டேட்டையும் அதுவே முடக்கிவிடும். பிள்ளை தூங்கும்போதும் கம்ப்யூட்டர் கொதித்துக்கொண்டே இருக்கும். கிராக் கேம் இருந்தால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். அழித்தால் மட்டும் போதாது, முக்கியமான கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

இன்னொரு ஏமாற்றம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிக் கெட்டுப்போனதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அப்படிக் கெட்டவற்றில் கேம் பாதியில் மூடிக்கொள்ளும். சில கேம்களில், வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் வரும். அதைப் படிக்கிற பிள்ளை என்ன நினைப்பான்? கார்டு போதவில்லை என்றுதானே நினைப்பான்! புதுக் கார்டு வாங்கிப் போட்டாலும் அதே செய்தி வரும், கோளாறு ப்ராசஸரில் இருப்பதால். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம். ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு வாரன்டியை இன்னும் 2 ஆண்டு இன்டெல் நீட்டியிருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

இனி சொல்வதில் ஒன்று இருந்தாலும் கேமை நிறுத்துங்கள். அந்த நிமிடமே.

கருகிய பிளாஸ்டிக் வாடை. சிலருக்கு அது மீன் வாடையாகத் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று தேடும் முன் ஸ்விட்சை அணையுங்கள்.

ப்ளக்கைத் தொட்டால் சுடுகிறது, அல்லது ப்ளக் பாயின்ட் பழுப்பேறியிருக்கிறது. உள்ளே தொடர்பு தளர்ந்து எரிகிறது என்று அர்த்தம்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. எர்த் சரியில்லை. மூன்று முள் ப்ளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

லேப்டாப்பில் விரல் வைத்து நகர்த்தும் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடினால் சரியாக மூடவில்லை. பேட்டரி உப்பிவிட்டது. இதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடினால் காற்றுத் துளைகள் அடைபட்டு, அந்தச் சூடு பேட்டரியைச் சீக்கிரம் கெடுக்கும். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. படுக்கையறையில் ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள்.

தண்ணீர் கூலர் வைத்த கம்ப்யூட்டரில் ப்ராசஸர் 90-ஐத் தாண்டுகிறது, ரேடியேட்டரோ தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. பம்ப் ஓடவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

விலை உயர்ந்த கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த 2022-ஆம் ஆண்டிலேயே அதன் மின் இணைப்பு முனை உருகிய படங்கள் உலகம் முழுக்கப் பரவின. முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்ற ப்ளக் முக்கியக் காரணம் என்றது என்விடியா. விலையுள்ள பொருள் உருகாது என்று எண்ண வேண்டாம். முனையை இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்திச் சொருகச் சொல்லுங்கள். கார்டுக்கு ஒட்டினாற்போல் கேபிளை மடக்கவும் கூடாது.

தூசி தட்டுவதிலும் கவனம் தேவை. ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்குங்கள். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் ஃபேன் பழுதாகும். வேக்யூம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும். ஈரத்துணி கூடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் மின்சாரம் நிற்கும். விடுமுறையில் பொழுது போகவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்காரும் பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிடும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள், கூலரைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கம்ப்யூட்டரை மேஜை அறைக்குள்ளிருந்து வெளியே எடுங்கள், பின்னால் சுவரோடு ஒட்டாமல் இடம் விடுங்கள். அதற்கு நேராகச் சுவரில் ஒரு ப்ளக் பாயின்ட் கொடுங்கள். ஏசி, அயர்ன் பாக்ஸ் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். கார்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். தாங்காது என்றால் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்வரை கார்டு காத்திருக்கட்டும்.

மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டிவிடுங்கள், பாட்டி உட்பட. புகை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள்.