பிரான்சு நாட்டுப்புறத்தில் விடுமுறை வீடு: வரவும் செலவும்

புதுவை, காரைக்கால் வணிகர்களில் பலருக்குப் பிரான்சில் உறவுகள் உண்டு. 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வேலை பார்த்து, வீடு வாசல் என்று நிலைத்துவிட்டார்கள். அண்மைக் காலமாக அவர்களிடமிருந்து ஒரே மாதிரியான யோசனை வருகிறது. "நாட்டுப்புறத்தில் பழைய கல்வீடு மலிவாகக் கிடைக்கிறது. பழுது பார்த்து, விடுமுறைக்கு வருவோருக்கு வார வாடகைக்கு விடலாம். நீங்களும் ஒரு பங்கு போடுங்கள்" என்பதே அது. நமக்கும் வந்தது. நம் தங்கை மகன் 2021-ல் அப்படி ஒரு வீடு வாங்கினார். "மாமா, பாதி போடுங்க, பாதி உங்க பேருக்கு" என்றார். பணம் போடுமுன் சரக்கைப் பார்ப்பது நம் பழக்கமாதலால், 2025 கோடையில் ஐந்து வாரம் அங்கே தங்கி, வீட்டையும் அதன் கணக்குப் புத்தகத்தையும் பார்த்து வந்தோம். சங்க உறுப்பினர்கள் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

வீடு இருப்பது க்ரூஸ் மாவட்டத்தில். பிரான்சின் நடுப்பகுதி. கருங்கல் பூமி, மாடு வளர்ப்பு, மேய்ச்சல், காடு. 1850-ஐ ஒட்டி இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த மாவட்டம் இது. இன்று ஒன்றேகால் லட்சம்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்க் கொத்தனார்கள் ஆயிரக்கணக்கில் பாரிசுக்கு நடந்தே போய் அந்நகரைக் கட்டினார்கள் என்பது பேர்போன வரலாறு. போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆகவே கொத்தனார்கள் தமக்கென்று கட்டிய நல்ல கல்வீடுகள் ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கின்றன.

வீடு பூட்டிக் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஒரு பிள்ளையை அடியோடு ஒதுக்க முடியாது. இரண்டு தலைமுறை பாகம் பிரிக்காமல் விட்டால் ஒரு வீட்டுக்கு எட்டு, பத்து பேர் கையெழுத்து வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி வாடகைக்கு விடும் வீட்டை அங்கே 'ஜீத்' என்கிறார்கள். இது தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. 1951-ல் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் எமில் ஒபேர் என்ற செனட் உறுப்பினரின் முயற்சியால் முதல் ஜீத் திறக்கப்பட்டது. 1955-ல் 'ஜீத் த பிரான்சு' என்ற கூட்டமைப்பு ஏற்பட்டது. ஓட்டலில் தங்க வசதியில்லாத நகரத்துத் தொழிலாளி குடும்பம் விடுமுறைக்குக் கிராமத்துக்கு வரும், உழவன் தன் காலி வீட்டைச் செப்பனிட்டுக் கொடுத்து நாலு காசு பார்ப்பான், ஊரும் காலியாகாது. யோசனை இவ்வளவுதான். வீட்டின் வசதிக்கு ஏற்ப அக்கூட்டமைப்பு இன்றும் கோதுமைக் கதிர் முத்திரை தருகிறது. ஒன்று முதல் ஐந்து கதிர் வரை.

இங்கே வணிகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த உழவனுக்கு வீடு பாட்டன் சொத்து. கொள்முதல் விலை கிடையாது. துப்புரவு செய்ய, சாவி கொடுக்க வீட்டம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். ஆகவே வந்த வாடகை பெரும்பாலும் வருமானம். இன்று வீட்டை விலைக்கு வாங்கி, கூலி கொடுத்துப் புதுப்பித்து, நானூறு கிலோமீட்டர் தள்ளிப் பாரிசுப் பக்கம் இருந்துகொண்டு நடத்துகிறவர் அதே வாடகையைத்தான் வாங்குகிறார். ஆனால் முதலுக்கு வட்டி, ஆளுக்குக் கூலி எல்லாம் அதில் கழிய வேண்டும்.

இனி நம் மருமகப்பிள்ளையின் பேரேட்டுக்கு வருவோம்.

வீட்டின் விலை 48,000 யூரோ. நம் ஊரில் நடுத்தர வீட்டு மனைக்கே அந்தப் பணம் ஆகும் என்று நாமும் வியந்தோம். அங்கே கிரயம் நொத்தேர் என்ற சட்ட அலுவலர் முன்னிலையில்தான் நடக்கும். புதுவைப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. முதலில் ஓர் ஒப்பந்தம். வாங்குபவர் மனம் மாறினால் பத்து நாளுக்குள் விலகலாம். பழைய வீட்டுக்குப் பதிவு வரியும் நொத்தேர் செலவும் சேர்ந்து வழக்கமாக நூற்றுக்கு ஏழு எட்டு ஆகும். விலை குறைந்த வீட்டுக்கு விகிதம் கூடும். இவருக்கு 4,800 ஆயிற்று.

விற்பவர் ஒரு கட்டு அறிக்கை தர வேண்டும் என்பது அங்கே சட்டம். 1949-க்கு முந்திய வீடானால் வண்ணப்பூச்சில் ஈயம் உண்டா, கல்நார் உண்டா, மின்கம்பி எப்படி, குளிர்காலத்தில் எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்க் அறிக்கையும் கட்டாயம். விதிப்படி இல்லையென்றால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரி செய்ய வேண்டும். நம் பிள்ளையின் கட்டிலும் 'விதிக்கு உட்படவில்லை' என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தும், சில்லறை வேலை என்று விட்டுவிட்டார். பிறகு 9,500 யூரோ செலவு. மூட்டையைக் குத்திப் பார்த்து, ஈரம் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வோமே, அதைப் போல இந்த ஒரு தாளைக் காட்டியே விலையைக் குறைத்திருக்கலாம்.

கூரை வேலை 22,000. குளிர் நாட்டில் கூரையைப் பாதி மட்டும் பார்ப்பது முடியாது. வெளித்தோற்றம் மாறுமானால், சன்னல் கதவின் நிறம் உட்பட, ஊராட்சி மன்றத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அம்மன்றத்துக்குப் பெயர் 'மேரி'. நம் கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தின் பெயரேதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு 500 மீட்டருக்குள் வீடு இருந்தால், பொதுவாக அரசின் கட்டடக் கலைஞர் ஒப்புதலும் வேண்டும்.

அடுத்துச் சுவர். இரண்டடிக் கனம், கல்லும் சுண்ணாம்பும். குறைந்த கூலி என்று பிடித்த ஒரு கொத்தனார், உட்சுவர் முழுவதும் சிமெண்டு பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்டு அடைத்துவிடும். ஒரே குளிர்காலத்தில் பூச்சு கொப்பளித்து உதிர்ந்தது. நமக்கு இதில் வியப்பில்லை. நம் பழைய கிடங்கின் சுண்ணாம்புச் சுவருக்கு 1988-ல் சிமெண்டு பூசி, பருப்பு மூட்டைகளின் அடிவரிசை பூஞ்சை பிடித்துப் போனதை நாம் மறக்கவில்லை. பிள்ளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

பிரான்சில் கட்டட வேலை செய்பவர், தம் வேலையில் வரும் பெரும் பழுதுக்குப் பத்தாண்டு பொறுப்பு ஏற்று அதற்குக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். 1978 முதல் சட்டம் அது. வேலை தொடங்குமுன் அந்தக் காப்பீட்டுத் தாளையும் தொழிற்பதிவு எண்ணையும் எழுத்து மூலமான மதிப்பீட்டையும் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம். இவர் கேட்கவில்லை, அந்தக் கொத்தனாரிடம் காப்பீடும் இல்லை. மீண்டும் சுண்ணாம்புப் பூச்சு, மீண்டும் கூலி. 45,000 என்று போட்ட மதிப்பீடு 71,000-ல் வந்து நின்றது. ஆக மொத்த முதல் 1,23,800 யூரோ.

2023-ல் முதல் வாடகை. சனிக்கிழமை மாலை முதல் மறு சனிக்கிழமை காலை வரை ஒரு வாரம் என்பது வழக்கம். சூலை, ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் 7 வாரம், வாரம் 550 வீதம் 3,850. மற்ற மாதங்களில் 4 வாரம், 350 வீதம் 1,400. வரவு 5,250. தீபாவளிப் பட்டாசுக் கடை போன்ற வியாபாரம் இது. ஆனால் பட்டாசுக் கடைக்குக் கொட்டகையைப் பிரித்துவிடலாம். வீட்டைப் பிரிக்க முடியாது.

செலவைப் பாருங்கள். வீட்டு உரிமை வரி 720. குடியிருப்பு வரி, முதன்மை வீடுகளுக்கு 2023-ல் முழுதும் நீங்கினாலும் இரண்டாம் வீட்டுக்கு நீங்கவில்லை, அது 480. காப்பீடு 340. மின்சாரம், தண்ணீர் 1,150. ஆள் மாறும்போதெல்லாம் துப்புரவுக்கு 60 வீதம் 660. புல் வெட்ட 400. விறகு 200. முன்பதிவு நிறுவனத்தின் தரகு 790. கூட்டினால் 4,740. மீதி 510 யூரோ. போட்ட முதலுக்கு நூற்றுக்கு அரைகூட இல்லை. வங்கி வட்டியை இதில் நாம் சேர்க்கவேயில்லை.

2024-ல் நிலை சற்றுத் தேறியது. இரும்பு விறகு அடுப்பு வைத்தார், மெத்தைகளை மாற்றினார், நட்சத்திரத் தகுதிக்கு விண்ணப்பித்து மூன்று நட்சத்திரம் பெற்றார். அத்தகுதி ஐந்தாண்டு செல்லும். அடுப்பு வந்ததால் அக்டோபரிலும் ஆள் வந்தது. 16 வாரம் ஓடி மீதி ஏறத்தாழ 1,900.

நீச்சல்குளம் வெட்டினால் வாடகை கூடும் என்று எல்லோரும் சொன்னார்களாம். தரையில் பதித்த குளத்துக்கு வேலி, அபாய மணி, மூடி, கூடாரம் இவற்றில் ஒன்றேனும் வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். அங்கே வெயில் காலமே மூன்று மாதம். வேண்டாம் என்றோம். கேட்டுக்கொண்டார்.

வருமான வரியில் இரண்டு வழி. ஒன்று, செலவைக் காட்டாமல் நூற்றுக்கு இவ்வளவு என்று கழிவு பெறுவது. இக்கழிவு, நட்சத்திரம் இல்லாத வீட்டுக்கு 50 ஆக இருந்தது. 2025 வருமானம் முதல் 30 ஆகிவிட்டது. நட்சத்திரம் உள்ளதற்கு 71-லிருந்து 50. மற்றொன்று, உண்மைக் கணக்குக் காட்டிச் செலவையும் தேய்மானத்தையும் கழிப்பது. செலவே வரவில் பெரும்பகுதியாக இருக்கும் இவருக்கு இரண்டாவதுதான் ஏற்றது. ஆனால் 2025 முதல், கழித்த தேய்மானம் வீட்டை விற்கும்போது லாபக் கணக்கில் திரும்பச் சேர்க்கப்படும். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நமக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. அங்கே முன்பணம் இரு வகை. 'ஆர்' என்பது நம் அச்சாரம் போன்றது. வாடகைக்கு வருபவர் விலகினால் அதை இழப்பார். வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். 'அகோம்த்' என்பது விலையில் ஒரு பகுதி. அது கொடுத்தால் பேரம் முடிந்தது, பின்வாங்க முடியாது. சீட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்பதே வழக்கைத் தீர்க்கும்.

சாவி கொடுப்பது, படுக்கை விரிப்பது, குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் எதிர்வீட்டு அம்மாள். எழுபது வயதைக் கடந்தவர். நவம்பரில் தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்து விடுவதும் அவரே. தவறினால் உறைபனியில் குழாய் வெடிக்கும். அவரிடம் பேசும் அளவுக்கு நமக்குப் பிரெஞ்சு வரும். "நான் இன்னும் இரண்டு ஆண்டு பார்ப்பேன், பிறகு என் மகளிடம் போய்விடுவேன்" என்றார். இந்தச் செய்தி எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த ஊரில் அவருக்கு அடுத்து ஆளும் இல்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவு பிள்ளையிடம் சொன்னோம்: "உன் பிள்ளைகள் கோடையில் ஓடி விளையாட ஒரு வீடு, அதன் வரியையும் மின்கட்டணத்தையும் வாடகை கொடுத்துவிடுகிறது என்றால் வைத்துக்கொள். தொழில் என்று சொல்லாதே. தொழில் என்றால் எங்கள் பணத்துக்கு இங்கே வேலையில்லை." அவருக்கு முகம் வாடிற்று. தங்கைக்கும் வருத்தம்தான், இரண்டு மாதம் நம்மிடம் சரியாகப் பேசவில்லை.

பங்கு சேரவில்லை. செப்டிக் டேங்குக்கு அவர் வாங்கியிருந்த கடனில் மீதியை மட்டும், வங்கி மூலம் முறைப்படி அனுப்பித் தீர்த்தோம். பொங்கலுக்குப் பேசியபோது, பக்கத்துச் சிற்றூரில் குடியேறியிருக்கும் ஓர் இளந்தம்பதி சாவிப் பொறுப்பை ஏற்க முன்வந்திருப்பதாகவும், வாரத்துக்கு 90 யூரோ கேட்பதாகவும் சொன்னார். அம்மாளுக்குக் கொடுப்பதைவிட முப்பது அதிகம். கொடுக்கச் சொல்லிவிட்டோம்.