மறைந்த இருப்புப் பாதையும் நமது கடற்கரை ஊர்களும்

மணப்பாட்டு மணற்குன்றின் மீது விளங்கும் திருச்சிலுவை ஆலயத்தைத் தரிசிக்க வருவோர் பலர். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவிற்கும், திருச்செந்தூர் முருகப் பெருமானின் திருவிழாக்களுக்கும் வருவோர் தொகை சொல்லில் அடங்காது. இவர்கள் திருச்செந்தூரிலிருந்து தெற்கே பேருந்திலும் காரிலும் விரைந்து செல்கின்றனர். அவ்வட்டாரத்திலேயே ஒரு காலத்தில் சிறு புகைவண்டி ஒன்று மணியொலித்துச் சென்றது என்பதை அவர்களிற் சிலரே அறிவர். உள்ளூரில் வாழும் நம்மில் கூட எத்தனை பேர் அறிவோம்?

பழைய ரயில்களின் எஞ்சின்களையும் கருவிகளையும் ஓரிடத்தில் திரட்டி, மக்கள் கண்டு மகிழவும் அறிவு பெறவும் அமைக்கப்படும் ரயில் மரபுப் பூங்காக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. நமது பகுதியிலும் அத்தகைய பூங்கா ஒன்று வேண்டும் என்று சில பஞ்சாயத்து அங்கத்தினர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அது பற்றிய விவரங்களை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனையால் பிறந்த ரயில்

தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை வந்தது 1876ஆம் ஆண்டில். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு சேர்ந்தனர். ஆயினும் தூத்துக்குடிக்குத் தெற்கே, உடன்குடி, திசையன்விளை முதலிய ஊர்களைக் கொண்ட தேரிக்காட்டுப் பகுதிக்கு அவ்வசதி எட்டவில்லை. செம்மணல் மேடுகளும் பனங்காடுகளும் நிறைந்த அப்பகுதியில் மாட்டுவண்டியே போக்குவரத்திற்கு ஆதாரமாக இருந்தது. மணலில் சக்கரம் புதைந்தால் சிப்பங்களை இறக்கித் தூக்கிச் சுமக்க நேரும்.

இந்நிலையில் பாரி கம்பெனியார் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை ஒன்றை நிறுவினர். கரும்பு விளையாத இந்தச் சீமையில் ஆலைக்கு மூலப்பொருளாக அமைந்தது பனையே. பனையேறுவோர் உழைப்பின் பயனை ஆலைக்குக் கொண்டு சேர்க்கவும், பிரயாணிகளை ஏற்றிச் செல்லவும், திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்திற்கு இலகு ரயில் பாதை போடப்பட்டது. 1915ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அதன் ஓட்டம் 1940ஆம் ஆண்டில் நின்றது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வந்தது 1923ஆம் ஆண்டில்தான். ஆகவே, திருச்செந்தூர் மக்கள் முதலில் கண்ட ரயில் பனங்காட்டின் சின்ன ரயிலே ஆகும்.

இரண்டடிப் பாதை ஏன்?

இந்தியாவின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. மீட்டர் பாதையில் அது 1000 மில்லிமீட்டர். குலசேகரன்பட்டினம் ரயிலிலோ அது இரண்டு அடி மட்டுமே. 1881ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் டார்ஜிலிங் மலைரயிலும் இதே அளவினதுதான்.

பாதை குறுகினால் செலவும் குறையும். மண்மேடு அகலமாக வேண்டியதில்லை. தண்டவாளம் கனமாக இருக்க வேண்டியதில்லை. வண்டி கூர்மையான வளைவுகளிலும் திரும்ப வல்லதாகையால், மேட்டை வெட்டாமல் சுற்றிச் செல்லலாம். குறைந்த முதலில் கிராமங்களை இணைக்க அக்காலத்தில் இதுவே உகந்த உபாயமாகக் கருதப்பட்டது.

ஆனால் சிறிய ரயிலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது சுமக்கும் சரக்கு குறைவு, வேகமும் குறைவு. ஒரே தொழிலை நம்பி எழுந்த பாதை, அத்தொழில் தளர்ந்தால் தானும் தளரும். சாலைகள் சீர்பட்டு, பேருந்துகள் வீட்டு வாசல் வரை வரத் தொடங்கிய பின், இத்தகைய சிறு பாதைகள் நாட்டின் பல பாகங்களிலும் மூடப்பட்டன.

பூங்காக்களில் காண்பவை

இந்தியாவில் இவ்வகை முயற்சிகளுக்கு முன்னோடியாக விளங்குவது புதுடில்லியில் 1977ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகமாகும். தமிழ்நாட்டில், சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்து 2002ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. திருச்சிராப்பள்ளியில் 2014ஆம் ஆண்டில் மற்றொன்று திறக்கப்பட்டது. திறந்த வெளியில் பழைய எஞ்சின்கள் நிற்கும். கட்டடத்தினுள்ளே கைவிளக்குகள், மணிகள், கடிகாரங்கள், பழைய ஆவணங்கள், புகைப்படங்கள் ஆகியவை வைக்கப்பட்டிருக்கும். சிறுவர்கள் ஏறிச் சுற்றிவரச் சின்ன ரயிலும் உண்டு.

இவற்றுள் யாவரையும் கவர்வது நீராவி எஞ்சினே. அதன் இயக்கம் விவசாயிகளுக்குப் புதியதன்று. கிணற்றில் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சினில், எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. ரயில் எஞ்சினிலோ, நெருப்பின் சூடு கொதிகலனுள் செல்லும் குழாய்களின் வழியே பரவி நீரை ஆவியாக்கும். அடைபட்ட ஆவி பிஸ்டனைத் தள்ளும். தண்டு சக்கரத்தைச் சுழற்றும். இதனை எஞ்சினின் அருகில் நிறுத்தி விளக்கினால், பள்ளிச் சிறுவன் பாடப் புத்தகத்தில் பத்து நாள் படிப்பதை ஒரு நாழிகையில் கற்றுக்கொள்வான்.

சிற்றூர்களுக்கு வழிகாட்டத்தக்க உதாரணம் ஒன்று பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ளது. அங்கு டைவின் என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து, கற்பலகைச் சுரங்கத்திற்காக 1865ஆம் ஆண்டில் டாலிலின் என்ற குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. 1946ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. நமது ரயிலைப் போலவே அதுவும் மறைந்திருக்க வேண்டியதுதான். ஆனால் 1951ஆம் ஆண்டில் தொண்டர்கள் ஒன்றுகூடி, தாமே அதனை ஏற்று நடத்த முன்வந்தனர். தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் என்று உலகம் அதனைப் போற்றுகிறது. அந்த ஊரார் முதலில் செய்தது புதிய பொருள் எதையும் வாங்குவதன்று. இருந்ததை அழியவிடாமல் தடுத்ததேயாகும்.

நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன?

நமது ரயில் நின்று 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. டைவின் ஊராரைப் போல் வண்டியை மீண்டும் ஓட்டுவது நமக்கு இயலாது. எஞ்சியிருப்பது நினைவும், சிதறிக் கிடக்கும் சில சின்னங்களும்தாம். அவையும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன.

இதற்கு என் பிழையையே சான்றாகக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நீர்ப்பாசனக் கிணறுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஒரு பழைய கிணற்றின் குறுக்கே உத்தரமாக ஒரு சிறிய தண்டவாளத் துண்டு கிடந்தது. தோட்டத்திற்குரிய பெரியவர், "இது கருப்பட்டி ரயில் தண்டவாளம் ஐயா. எங்க அப்பா காலத்துல கொண்டுவந்து போட்டது" என்றார். அவருடைய தந்தையார் அந்த ரயிலில் பயணம் செய்த கதைகளையும் கூறினார். அடுத்த முறை வரும்போது விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணி விடைபெற்றேன். அலுவல் நெருக்கடியில் ஓர் ஆண்டு கழிந்தது. மீண்டும் சென்றபோது பெரியவர் காலமாகிவிட்டிருந்தார். கிணற்றின் மீது சிமெண்டுப் பலகை கிடந்தது. பழைய இரும்பு வாங்க வந்தவர் தண்டவாளத்தை எடை போட்டு எடுத்துச் சென்றதாக வீட்டார் கூறினர். அவர்களைக் குறை கூற இயலாது. அதன் பெருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை எனக்கிருந்தது. நான் அதைச் செய்யத் தவறினேன்.

1940ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராக அந்த ரயிலைப் பார்த்தவர், இன்று உயிரோடிருந்தால் 95 வயதை எட்டியிருப்பார். காத்திருக்க நமக்குக் காலம் இல்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவது, முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்தல். ஊர்ப் பள்ளி ஆசிரியரும் மாணவரும் இதற்கு உதவலாம். கைபேசியில் குரலைப் பதிந்து, கூறியவர் சம்மதத்தோடு அதனை எழுத்தில் வடித்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் மற்றொன்றை நூலகத்திலும் வைக்க வேண்டும். தாம் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பிரித்து எழுதுதல் அவசியம்.

இரண்டாவது, சின்னங்களைக் கணக்கெடுத்தல். தண்டவாளத் துண்டு, பழைய பயணச் சீட்டு, புகைப்படம் போன்றவை எவர் வீட்டில் உள்ளன என்று அறிந்து, படமெடுத்துப் பட்டியலிட வேண்டும். பொருளை உடனே கேட்டு வாங்க வேண்டியதில்லை. அதன் மதிப்பை வீட்டார் உணர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, பாதை சென்ற வழியை வரைதல். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படங்களில் நீண்டு ஒடுங்கிய புறம்போக்குத் துண்டுகள் உளவா என்று பார்க்கலாம். இங்கு விவசாயிகளுக்கு ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். பழைய பாதை ஒருவரின் பட்டா நிலத்தில் சென்றிருந்தது என்று வரைபடத்தில் குறிப்பதால் அவருடைய உரிமைக்கு எவ்விதப் பங்கமும் வராது. இது நிலத்தை எடுப்பதற்கான முயற்சியன்று. வழி நெடுகப் பொது இடங்களில் விவரப் பலகைகள் நாட்டினாலே போதுமானது.

நான்காவது, ரயிலையும் பனையையும் சேர்த்தே காட்டுதல். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ரயிலின் வரலாற்றைக் கேட்க வருபவர், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதைக் கண்டு, அசல் சரக்கை உற்பத்தியாளரிடமே வாங்கிச் செல்ல வழி செய்தால், பூங்காவின் பயன் பனையேறும் குடும்பங்களையும் சென்றடையும்.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல்

எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்று எண்ணுவோர் உளர். மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. இரும்பின் மேல் படியும் உப்பு ஈரத்தை ஈர்த்துத் துருவை விரைவுபடுத்தும். மேற்கூரை, நீர் தேங்காத தளம், தவறாது துருவைச் சுரண்டிப் பூசும் வர்ணம் ஆகியவற்றிற்கு நிதி ஒதுக்காமல் எஞ்சினை நிறுத்தினால், திறப்பு விழா முடிந்த சில ஆண்டுகளில் அது முட்புதரில் நிற்கும் ஓட்டை இரும்பாகிவிடும். ஆகவே, பராமரிப்புச் செலவை ஏற்பவர் யார் என்று தீர்மானித்த பின்னரே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு சிறு அறையும், நல்ல வரைபடமும், பத்துப் புகைப்படங்களும், விளக்கிச் சொல்ல ஒருவரும் இருப்பின், அதுவே சிறந்த ஆரம்பமாகும்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இனி இப்பகுதியை நாடி வருவோர் பெருகுவர். கருப்பட்டி ஏற்றிய இரண்டடி ரயில் ஓடிய மண்ணிலிருந்தே விண்கலம் எழப் போகிறது என்று நமது குழந்தைகள் பெருமையோடு எடுத்துரைக்க வேண்டாமா? அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும், உங்கள் ஊரின் மிக மூத்தவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமருங்கள். பூங்காவிற்கான முதற் கல் அங்கேதான் இருக்கிறது.