நிலக்கோட்டை அனுப்பிய அங்கத்தினர்

நமது சங்கங்கள் எந்தச் சட்டப்படி பதிவாயின, எந்தச் சட்டப்படி பொதுச்சபை கூட்டித் தணிக்கைக்கு உட்படுகின்றன என்று கேட்டால், அனுபவம் மிக்க காரியதரிசிகள் தயக்கமின்றி இரண்டு வருடங்களைச் சொல்வார்கள். ஒன்று 1961, மற்றொன்று 1983. முன்னது 1932-ஆம் வருடத்திய பழைய சட்டத்தை அகற்றி வந்தது. பின்னது முன்னதை அகற்றி வந்தது. நெசவாளருக்கும் விவசாயிக்கும் கூட்டுறவின் சட்டதிட்டங்களை வகுத்த இவ்விரு மசோதாக்களும் நிறைவேறிய இரண்டு சட்டசபைகளிலும், இருமுறையும் நிலக்கோட்டையின் பிரதிநிதியாகவே அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவரே ஏ. எஸ். பொன்னம்மாள். நம் பிரதேசத்தில் இளைய தலைமுறையினர் பலர் இப்பெயரை அறியாதிருப்பதே அவரைப் பற்றி இங்கு எழுத நம்மைத் தூண்டிற்று.

அம்மையார் முதன்முதலாக 1957-இல் காங்கிரஸ் அபேட்சகராக நிலக்கோட்டையில் வென்றார். 1962-இல் சோழவந்தான். பிறகு நீண்டதோர் இடைவெளி. 1980-இல் மீண்டும் நிலக்கோட்டை, 1984-இல் பழனி, 1989, 1991, 1996 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மறுபடி நிலக்கோட்டை. ஆக ஏழு முறை. முதல் வெற்றிக்கும் கடைசிச் சபை கலைந்த 2001-க்கும் இடையே நாற்பத்து நான்கு வருடங்கள். மு. கருணாநிதி அவர்கள் குளித்தலையிலிருந்து முதன்முதலாகச் சபைக்கு வந்ததும் அதே 1957-இல்தான் என்றால், காலத்தின் நீளம் வாசகர்களுக்கு விளங்கும்.

அக்காலத்துச் சபையின் அமைப்பே வேறு. 1957-இல் 167 தொகுதிகள் 205 அங்கத்தினரை அனுப்பின. 38 தொகுதிகளில் இரண்டிரண்டு பேர். அவற்றுள் 37 தொகுதிகளில் ஓர் இடம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், எஞ்சிய ஒன்றில் ஓர் இடம் மலைவாழ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இந்த இரட்டை முறையை 1961-இல் சட்டம் ஒழித்தது. அதன் பிறகே தனித்தொகுதிகள் தனியாக வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் அம்மையார் நின்று வென்ற நிலக்கோட்டையும் பழனியும் அத்தகைய தனித்தொகுதிகளே. தனித்தொகுதி அபேட்சகர் நினைத்த ஊரில் நிற்பதற்கில்லை. எல்லைக்கோடு எங்கே போகிறதோ அங்கே அவரும் போகவேண்டும். சோழவந்தானின் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் ஒரு கவலை. பழனிச் சமவெளியின் கரும்பு மற்றொரு கவலை. நிலக்கோட்டையின் மல்லிகையோ முகூர்த்த நாளில் ஏறி மறுநாள் விழும் விலையால் வேறொரு கவலை. மூன்று ஊர் மக்களிடமும் ஒருவரே வாக்குக் கேட்டு வென்றது சிறிய காரியமன்று.

1967-இல் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் பதின்மூன்று வருடங்கள் சபையில் அம்மையார் இல்லை. அவர் முன்பு அமர்ந்திருந்தது சென்னை ராஜ்யத்தின் சபை. திரும்பி வந்தபோது அது தமிழ்நாட்டுச் சட்டசபை. நில உச்சவரம்பு 1961-இல் 30 தரப்பட்ட ஏக்கராக இருந்தது, 1970-இல் 15 ஆகக் குறைந்துவிட்டது. நம் திண்டுக்கல்லிலும் 1973 மே மாதம் நடந்த பாராளுமன்ற இடைத்தேர்தலில், தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத அண்ணா தி.மு.க. கே. மாயத்தேவரை நிறுத்தித் தன் முதல் வெற்றியைப் பெற்றது. கட்சிகளைக் கண்டு மயங்காத சமவெளி இது என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அலை வந்தால் சாயும் சமவெளி என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அதனால்தான் ஏழு வெற்றிகளையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று என்று நாம் கருதுகிறோம். 1991-இல் அண்ணா தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் 225-ஐக் கைப்பற்றியது. 1996-இல் காங்கிரசிலிருந்து பிரிந்து ஜி. கே. மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநிலக் காங்கிரஸ், தி.மு.க.வுடன் சேர்ந்து சைக்கிள் சின்னத்தில் நின்றது. அந்த அணிக்கு 221 இடங்கள். அம்மையார் முன்னதில் காங்கிரஸ், பின்னதில் த.மா.கா. இவ்விரு வருடங்களிலும் வென்றதைக் கொண்டு அபேட்சகரின் சொந்தச் செல்வாக்கை அளக்க இயலாது. காற்றடிக்கும்போது தூற்றிக்கொள்வது யாருக்கும் எளிது.

1989 அப்படிப்பட்டதன்று. எம்.ஜி.ஆர். மறைந்து அண்ணா தி.மு.க. இரண்டாகப் பிளந்திருந்தது. காங்கிரஸ் தனித்து நின்றது. நான்கு முனைப் போட்டி. தி.மு.க. 150 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. காங்கிரசுக்கு மாநிலம் முழுவதிலும் கிடைத்தவை 26. அந்த 26-இல் ஒன்று நிலக்கோட்டை. பெரிய கட்சி எதனுடைய தோளும் இல்லாமல், ஆட்சிக்கு வரப்போகும் கட்சியும் இதுவன்று என்று தெரிந்திருந்தும், மக்கள் அவ்வருடம் அம்மையாருக்கு வாக்களித்தார்கள். நம் கணக்கில் அவருடைய வாழ்வின் பெரிய வெற்றி இதுதான்.

ஆயினும் அவர் ஒருமுறையேனும் மந்திரியாகவில்லை. முதல் பத்து வருடங்களில் அவருடைய கட்சி ஆண்டது, மந்திரிசபையில் அவர் இடம்பெறவில்லை. அதன்பின் அவர் கட்சி ஆளவே இல்லை. மந்திரியாகாத அங்கத்தினரால் ஊருக்கு என்ன பயன் என்று நம் கூட்டங்களில் சிலர் வினவக் கேட்டிருக்கிறோம். கேள்வி நியாயமானதே. வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்ட பின், கைத்தறி, கூட்டுறவு, பாசனம் என்று துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் சபைக்கு வருகின்றன. அப்போது எந்த அங்கத்தினரும் நூறு ரூபாய் குறைக்க வேண்டுமென்று வெட்டுப் பிரேரணை கொடுத்து, நூல் கிடைக்கவில்லை, தள்ளுபடிப் பணம் வந்து சேரவில்லை, வாய்க்கால் தூர்ந்துகிடக்கிறது என்று பேசலாம். பிரேரணை தோற்கும், ஆனால் மந்திரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அப்பதில் அச்சேறும். கேள்வி நேரமும் அப்படியே. சபையில் ஆள் இல்லாத ஊரின் குறை அச்சேறுவதில்லை. அம்மையார் இப்பணியைக் காமராஜர், பக்தவத்சலம், எம்.ஜி.ஆர்., கருணாநிதி, ஜெயலலிதா ஆகியோர் முதல்மந்திரிகளாக வீற்றிருந்த சபைகளில் செய்தவர்.

இரண்டு சபைகள் அவருக்குப் பாதியிலேயே கலைந்தன. 1984 டிசம்பரில் தேர்வான சபை 1988 ஜனவரியிலும், 1989-இல் தேர்வான சபை 1991 ஜனவரியிலும் முடிந்தன. முதற்கூறிய சபையின் காலத்தில்தான், 1985 செப்டம்பரில், மதுரை ஜில்லாவிலிருந்து திண்டுக்கல் பிரிந்து தனி ஜில்லாவானது. பழனியின் அங்கத்தினர் என்ற முறையில் புதிய ஜில்லாவின் முதல் அங்கத்தினர்களுள் அவரும் ஒருவரானார். 1983-இல் நிறைவேறிய கூட்டுறவுச் சட்டம் 1988 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது சபையே இல்லை, ஜனாதிபதி ஆட்சி நடந்தது என்பதும் ஒரு விசித்திரம்.

1989-ஆம் வருடச் சபை இரண்டே வருடம் வாழ்ந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அவ்வருடம் மார்ச் 25-க்கு முன் மணமாகாத பெண்மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்குச் சமமான பங்கு அளித்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல்தான் வந்தது. சின்னாளப்பட்டி போன்ற நம் நெசவூர்களில் தார் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பெரும்பாலும் பெண்களே. தறிக்கும் சங்கப் பங்குக்கும் உடையவர் பெயர் மட்டும் பெரும்பாலும் ஆண் பெயர். வாரிசாகப் பெண் பெயர் எழுதும் இடத்தில் இச்சட்டத்தை நினைவூட்டும் காரியதரிசிகள் நம்மில் எத்தனை பேர்?

2001 தேர்தலில் நிலக்கோட்டை அண்ணா தி.மு.க.வுக்குப் போயிற்று. அம்மையார் 2015 நவம்பரில் காலமானார். அவருக்குப் பின் அதே தொகுதி 2006 பொதுத்தேர்தலிலும், 2019 இடைத்தேர்தலிலும், 2021-இலும் எஸ். தேன்மொழியைச் சபைக்கு அனுப்பியது. திண்டுக்கல் நகரம் 2001 முதல் தொடர்ந்து மூன்று முறை கே. பாலபாரதியை அனுப்பியது. மாநிலத்தின் கணக்கோ வேறு: 2021-இல் தேர்வான 234 பேரில் பெண்கள் பன்னிருவரே.