புளூ ஊசி எவ்வளவு காக்கிறது?



"புளூ ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் வந்துவிட்டதே ஐயா" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஊசிக்கென்று பணம் கொடுக்கிறவர்களும் இதைக் கேட்கலாம். அது நியாயமே.

போட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், போடாதவர்களில் எத்தனை பேர் என்று எண்ணினால் போதும் எனத் தோன்றும். நெடுங்காலம் அப்படித்தான் எண்ணி, முதியோரின் குளிர்கால மரணங்களை ஊசி பாதியாகக் குறைக்கிறது என்று எழுதினார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் டாக்டர் லிசா ஜாக்சன் குழுவினர், 65 வயதும் அதற்கு மேலுமான 72,527 பேரின் எட்டு ஆண்டு விவரங்களை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். புளூ பரவும் காலத்தில், ஊசி போட்டவர்களின் மரண அபாயம் போடாதவர்களுடையதில் 56 சதவீதமாயிருந்தது. புளூ தொடங்குவதற்கு முன்னான காலத்திலோ வெறும் 39 சதவீதம்! இன்னும் வராத நோயிலிருந்து ஊசி எப்படிக் காக்கும்? நடமாடக் கூடியவர்கள் வந்து போட்டுக்கொள்ளுகிறார்கள். படுக்கையில் கிடக்கிறவர்களை அழைத்துவர ஆளில்லை. வார்டுகளில் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

ஆகவே வேறொரு வழி வேண்டியிருந்தது. 2000-களின் நடுவில் கனடாவில் கையாளத் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. காய்ச்சல், இருமலோடு டாக்டரிடம் வருகிற எல்லாருக்கும் மூக்குச் சளியைப் பரிசோதிக்கிறார்கள். சிலருக்குப் புளூ, மற்றவர்களுக்கு வேறு கிருமி. இரு கூட்டத்தாரும் டாக்டரைத் தேடி வந்தவர்களே என்பதால் ஒப்பிடுதல் ஓரளவு நேர்மையாகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். புளூ இல்லாதவர்களில், ஊசி போடாத 100 பேருக்குப் போட்டவர்கள் 60 பேர். புளூ உள்ளவர்களிலோ, போடாத 100 பேருக்குப் போட்டவர்கள் 30 பேர்தான். அறுபதுக்கு முப்பது பாதி. ஆகவே ஊசியின் பலன் 50 சதவீதம்.

இம்முறையிலும் குறையுண்டு. டாக்டரிடம் வராதவர்களைப்பற்றி இது ஒன்றும் சொல்லாது. ஒரு பருவத்தின் எண் மறுபருவத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது. அமெரிக்காவில் 2010-11 பருவத்தில் 60 சதவீதமாயிருந்த பலன், 2014-15-ல் 19 ஆகத் தாழ்ந்தது. ஊசிக்கென்று தெரிந்தெடுத்த வைரஸ் ஒருவிதம், அந்தக் குளிர்காலத்தில் மிகுதியாய்ப் பரவிய எச்3என்2 வைரஸ் உருமாறி வேறுவிதம். அப்படிப்பட்ட மோசமான வருஷத்திலும், ஊசி இல்லாவிட்டால் புளூவோடு டாக்டரிடம் வந்திருக்கக்கூடிய 100 பேரில் ஏறக்குறைய 19 பேர் தப்பினார்கள் என்பதே அந்த எண்ணின் பொருள்.