மாத்திரைக்கு மாத்திரை தடையாகுமா?

மாரடைப்பு கண்டு மீண்ட பெரியவர் உங்கள் இல்லத்தில் இருக்கிறாரா? அவருடைய மருந்துப் பெட்டியைச் சற்றுத் திறந்து பாருங்கள். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் இருக்கும். மூட்டுவலிக்கென்று இபுப்ரோஃபெனும் இருக்கக்கூடும். இரண்டாவது மாத்திரை முதலாவதன் பயனைக் கெடுக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்துபவை என்சைம் எனப்படும் நொதிகள். பூட்டில் சாவி பொருந்துவது போல, நொதியிலுள்ள ஒரு பள்ளத்தில் வினைப்பொருள் வந்து பொருந்துகிறது. இதனைத் தடுக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, போட்டித் தடை. வினைப்பொருளை ஒத்த வேறொரு பொருள் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். வினைப்பொருள் பெருகினால் அது விலகிவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் இவ்வகையின.

இரண்டாவது, போட்டியிலாத் தடை. தடைப்பொருள் வேறோர் இடத்தில் ஒட்டி நொதியின் வடிவத்தையே குலைக்கும். வினைப்பொருளை எவ்வளவு கூட்டினாலும் தடை நீங்காது. எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான நெவிரபின் இத்தகையது.

மூன்றாவதில், வினைப்பொருள் பொருந்திய பின்னரே தடைப்பொருள் வந்து ஒட்டும். மனநல மருந்தான லித்தியம் ஒரு நொதியை இவ்வாறு தடுக்கிறது.

நான்காவது, மீளாத் தடை. பூட்டுக்குள் சாவி ஒடிந்து சிக்கிக்கொண்டது போன்றது இது. ஆஸ்பிரின் இவ்வகையே. அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை 1971ஆம் ஆண்டு ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லை. இழந்த நொதியை அவற்றால் மீண்டும் ஆக்க இயலாது. எனவே ஏறத்தாழ 10 நாள் கொண்ட தம் வாழ்நாள் முழுவதும் அவை செயலிழந்தே இருக்கின்றன. நாளுக்கு ஒரு சிறு மாத்திரை போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே.

இபுப்ரோஃபெனும் அதே நொதியைத்தான் நாடுகிறது. ஆனால் அது வந்து தங்கிச் செல்லும் விருந்தாளி. அது முன்னதாக வந்து அமர்ந்துகொண்டால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. ஆஸ்பிரினோ குருதியில் நெடுநேரம் நிலைப்பதில்லை. சில மணி நேரத்தில் இபுப்ரோஃபென் விலகியதும் தட்டணுக்கள் மீண்டும் உறைதலுக்குத் துணைபோகின்றன. இதயத்தின் காவல் தளர்ந்துவிடுகிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் இதுகுறித்து எச்சரித்தது. சாதாரண ஆஸ்பிரினை உட்கொண்டு குறைந்தது 30 நிமிடம் கழித்தோ, அதற்கு 8 மணி நேரத்திற்கு மேல் முன்னதாகவோ இபுப்ரோஃபெனை உட்கொள்ள வேண்டும் என்றது. குடலில் கரையும் மேலுறை கொண்ட ஆஸ்பிரினுக்கு இக்கணக்கு பொருந்தாது.

நோன்பு மாதத்தில் கவனம் இன்னும் தேவை. ஸஹரிலோ நோன்பு திறந்த உடனேயோ எல்லா மாத்திரைகளையும் ஒருசேர விழுங்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ரமளானுக்கு முன்பே மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டி, நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். வலிக்கு வேறு மருந்து ஏற்றதா என்றும் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.