கடையைப் பறிகொடுத்தவர்கள் நடைபாதையில் கடை விரித்த கதை!

சென்னை பீச் ஸ்டேஷன். மாலை மணி 5.

ஆபீஸ் விட்ட கூட்டம் தாம்பரம் வண்டியைப் பிடிக்க ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு பகுதி ஸ்டேஷனுக்குள் நுழையாமல் செகண்ட் லைன் பீச் பக்கம் திரும்பி விடுகிறது. காரணம் ஸ்டேஷனில் இல்லை. அங்கே வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகளில் இருக்கிறது.

"அண்ணே, ஒரு அத்தோ. காரம் தூக்கலா!"

"எனக்கு ஒரு முட்டை மசாலா. சூப் சேத்து ஊத்துங்கண்ணே!"

கடைக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. அகலமான பேசினில் ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் மலை போல் குவிந்து கிடக்கிறது. ஒரு கை அள்ளிப் போடுகிறார். அரிந்த முட்டைகோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த மாவு, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி. எதற்கும் அளவு கரண்டி கிடையாது. எல்லாம் விரல் கணக்கு. பிறகு மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளுகிறார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். சுடச்சுட!

ஒரு தட்டுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கையால் பிசைகிறார்களே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் பெயரே அதுதான். "அத்தோ" என்பது பர்மியச் சொல். கலந்து பிசைந்த பண்டம் என்று பொருள். கரண்டி போட்டுக் கிளறினால் அது வேறு பலகாரம்.

இந்தத் தட்டு இங்கே வந்து சேர்ந்த கதை, மெரினா பஜ்ஜி வந்த கதை போல் சாதாரணமானது அல்ல. ஒரு நாட்டில் கடையும் பணமும் பறிபோன பிறகு, வெறும் கையோடு கப்பல் ஏறி வந்தது இது.

ரங்கூனில் பாதி இந்தியர்கள்

பர்மா என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தேக்கு ஞாபகம் வரும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவும் இந்தியாவோடு சேர்ந்தே இருந்தது. 1937-ல்தான் தனியாகப் பிரித்தார்கள். 1931-ம் ஆண்டு கணக்கெடுப்பில், ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்!

எல்லோரும் வட்டிக்கடை செட்டியார்கள் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வயலில் கூலி வேலை பார்த்தவர்கள், மளிகைக்கடை, துணிக்கடை வைத்தவர்கள் என்று ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி பக்கத்து ஜனங்கள் ஏராளம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே அசாமுக்கு வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். "பராசக்தி" படத்தில் ரங்கூனில் இருந்து சென்னையில் வந்து இறங்கிய குணசேகரன், முதல் நாளே பணத்தைப் பறிகொடுத்து நிற்பாரே, அது இந்தக் காலத்தை வைத்து எடுத்த கதைதான். படம் வந்தது 1952.

போர் முடிந்ததும் பலர் திரும்பப் போனார்கள். மீண்டும் கடை திறந்தார்கள். நிஜ அடி அதற்குப் பிறகு விழுந்தது.

கடையும் போச்சு, நோட்டும் போச்சு

1962 மார்ச் 2. பர்மாவில் ராணுவ ஆட்சி. தளபதி நே வின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பாங்குகள், பெரிய கம்பெனிகள் அரசுடைமை ஆயின. 1964 மார்ச்சில் கடைகளின் முறை வந்தது. ரங்கூனில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவியது. அதிகாரிகள் வந்து சரக்கைக் கணக்கு எடுத்தார்கள். முதலாளியின் பெயர்ப் பலகை இறங்கியது. "மக்கள் கடை" என்று நம்பர் போட்ட பலகை ஏறியது. நேற்று வரை கல்லாவில் உட்கார்ந்தவர் இன்று வெளியே!

பெட்டியில் இருக்கும் பணத்தை வைத்தாவது பிழைக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அடுத்த இடி காத்திருந்தது. அதே 1964 மே 17-ந்தேதி. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள்.

2016 நவம்பர் 8-ந்தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு முழித்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். நமக்காவது பாங்கு வாசலில் நிற்க வீடும் ஊரும் இருந்தன. அவர்களுக்குக் கடையும் இல்லை, குடியுரிமையும் இல்லை. பர்மிய அரசின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். தெருவில் அவர்களுக்கு "கலா" என்று பெயர். மரியாதையான சொல் அல்ல.

கப்பல் ஏறுவதைத் தவிர வழியில்லை. நகை நட்டு, ரொக்கம் கொண்டுபோகவும் கடும் கெடுபிடி. பரம்பரையாகச் சேர்த்ததை அப்படியே போட்டுவிட்டு மூட்டை முடிச்சுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இதில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அவர்கள் சொந்த நாட்டுக்கு "திரும்பி" வரவில்லை. முதல்முதலாகப் பார்த்தார்கள்!

அங்கே "கலா" என்று விரட்டினார்கள். இங்கே வந்ததும் "பர்மாக்காரன்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் போகவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடை

அரசு சும்மா இருக்கவில்லை. வியாசர்பாடி, எண்ணூர், செங்குன்றம் பக்கங்களில் குடியிருப்புகள் அமைந்தன. வெளியூர்களிலும் "பர்மா காலனி" என்ற பெயரில் இன்றும் தெருக்கள் உள்ளன. தொழில் கடனும் கொடுத்தார்கள். பர்மா, இலங்கை இரண்டு நாடுகளில் இருந்தும் வந்தவர்களுக்காக 1969-ல் தனியாக ஒரு கூட்டுறவு பாங்கே தொடங்கப்பட்டது. அதுதான் ரெப்கோ பாங்கு. இன்று யார் யாரோ அதில் நகைக்கடன் வாங்குகிறார்கள். யாருக்காகத் தொடங்கியது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

அதே 1969-ல்தான் பர்மா பஜாரும் பிறந்தது. பாரிமுனை அருகே ராஜாஜி சாலை நடைபாதையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிக்கடைகள். எந்தத் துறைமுகத்தில் வெறும் கையோடு இறங்கினார்களோ, அதே துறைமுகத்துக்குப் பக்கத்தில்!

ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடம் இருக்காது. ஆனால் சரக்கோ உலகத்தில் உள்ளதெல்லாம். ஜப்பான் கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், நைலக்ஸ் சேலை, சிங்கப்பூர் தைலம். வெளிநாட்டுச் சாமானை இறக்குமதி செய்ய ஆயிரம் தடை இருந்த காலம் அது. கல்யாண மாப்பிள்ளைக்கு "ஃபாரின் வாட்ச்" போட வேண்டுமா? வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறி நேராக பர்மா பஜாருக்கு வருவார்கள்.

சரக்கு எப்படி வந்தது? கப்பல் சிப்பந்திகள் கொண்டுவந்தது கொஞ்சம். விமானத்தில் போய் வரும் "குருவிகள்" கொண்டுவந்தது கொஞ்சம். எல்லாம் வரி கட்டிய சரக்கு என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சுங்க இலாகா அலுவலகம் இருப்பதும் அதே ராஜாஜி சாலையில்தான்! அவ்வப்போது "ரெய்டு" நடக்கும். ஷட்டர் இறங்கும். அடுத்த நாள் திறக்கும்.

பேரம் பேசத் தெரியாமல் போனவர்கள் ஏமாந்தும் வந்தார்கள். அதை மறைப்பதற்கு இல்லை. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டால்தான் சரியான ஆரம்பம் என்று மாமன் மச்சான் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை கடையை அரசாங்கத்திடம் பறிகொடுத்தவன், மறுபடி ஒரு ஷட்டரைத் தூக்க எத்தனை தைரியம் வேண்டும்? அதுவும் நடைபாதையில், நாளைக்கு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில்!

சரக்கு மங்கியது, சாப்பாடு நின்றது

1991-ல் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதோடு "ஃபாரின்" மவுசு குறைந்தது. தெருவுக்குத் தெரு டி.வி. கடை வந்தபின் எதற்குப் பாரிமுனைக்குப் போக வேண்டும்? பஜார் சி.டி.க்குத் தாவியது. திருட்டு வி.சி.டி. பிடிக்க போலீசார் வந்தார்கள். பிறகு செல்போன் கவர், சார்ஜர், ஹெட்போன். இப்போது அதையும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். பல கடைகள் கைமாறிவிட்டன. பர்மாவில் இருந்து வந்தவர் கடை எது என்று பெயர்ப் பலகையை வைத்துச் சொல்ல முடியாது.

நின்றது எது தெரியுமா? சாப்பாடு.

பஜாரில் கடை கிடைக்காதவர்கள், முதல் போட வழியில்லாதவர்கள் செய்த தொழில் அது. வாடகை இல்லை, ஷட்டர் இல்லை. வீட்டில் பெண்கள் மதியமே உட்கார்ந்து வெங்காயம் அரிந்து, பூண்டு உரித்து, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக வெட்டி நார் எடுத்துத் தருவார்கள். மாலையில் வண்டி தள்ளிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். முதலில் சாப்பிட வந்தவர்கள் அவர்கள் ஆட்களே. பஜாரில் கடை வைத்திருந்தவர்களுக்கு அது தாய்வீட்டு ருசி. அடுத்து துறைமுகத் தொழிலாளி வந்தார். அப்புறம் பக்கத்து பாங்கு கிளார்க் வந்தார்.

ருசியும் ஊருக்குத் தகுந்தபடி மாறியது. பர்மாவில் காலைப் பலகாரமான மொகிங்காவுக்கு மீன் குழம்புதான் உயிர். வாழைத்தண்டும் அதில் உண்டு. சென்னையில் பெரும்பாலான வண்டிகளில் மீன் போய்விட்டது, தண்டு மட்டும் நிற்கிறது. சனிக்கிழமை மீன் தொடாதவரும் கூச்சமில்லாமல் கிண்ணத்தை நீட்டலாம். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளி, மிளகாய் வைத்துத் தரும் முட்டை மசாலா வாயில் போட்டதும் கரையும். அத்தோ வேண்டாம் என்பவர்கள் கூட அதற்காக நிற்பார்கள்.

இப்போது ஏ.சி. ஓட்டல் மெனுவிலும் அத்தோ ஏறிவிட்டது. விலை பல மடங்கு. ஆனால் அங்கே கையுறை போட்டுப் பிசைகிறார்கள். ருசி? சாப்பிட்டவர்கள் சொல்லட்டும்.

திரும்பிப் போக நடந்தவர்கள்

எல்லோருக்கும் சென்னை ஒத்துவரவில்லை. பர்மாவிலேயே செத்தாலும் சாவோம் என்று கிளம்பிய ஒரு கூட்டமும் உண்டு. ரயிலிலும் பஸ்சிலும் மணிப்பூர் வரை போய், எல்லையைத் தாண்டப் பார்த்தார்கள். பர்மா ராணுவம் திருப்பி அனுப்பியது. திரும்ப சென்னைக்கு வரவும் மனமில்லை. எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் தமு, இந்தப் பக்கம் மோரே. நடுவில் வியாபாரம். தமிழ்ச் சங்கம், அங்காள பரமேஸ்வரி கோவில், இட்லி கடை என்று வடகிழக்கு மூலையில் ஒரு குட்டித் தமிழூரே உருவானது.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டது. மோரேயும் தப்பவில்லை. வீடுகள் எரிந்தன. பாட்டன் ரங்கூனில் இழந்தான் என்று கேட்டு வளர்ந்த பேரன்கள், தங்கள் ஊரில் தீயைப் பார்த்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 பிப்ரவரி 1-ந்தேதி, மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. எல்லை வியாபாரத்துக்கு அதற்கும் முன்பே பூட்டு விழத் தொடங்கிவிட்டது.

யார் பிடிப்பார் வண்டியை?

செகண்ட் லைன் பீச்சில் இன்னொரு கவலை. கப்பலில் குழந்தையாக வந்தவர்களுக்கே இன்று 60 வயது தாண்டிவிட்டது. பர்மியப் பேச்சு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். படித்து முடித்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனால், வெயிலில் வந்து வெங்காயம் வறுக்கச் சொல்ல எந்த அப்பனுக்கு மனம் வரும்? வண்டியில் நிற்பவர் பர்மாவைப் பார்க்காதவராகவும் இருக்கலாம், வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றவராகவும் இருக்கலாம்.

இடத்துக்கும் உத்தரவாதம் இல்லை. தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை தர வேண்டும், கண்டபடி அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014-ல் மத்திய அரசு சட்டமே போட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வண்டி ரோட்டில் நிற்கிறது. "ஓரமா தள்ளு, ஓரமா தள்ளு" என்ற அதட்டல் கேட்டதும் அடுப்போடு சேர்த்து நகர்த்த வேண்டிய நிலை இன்னும் போகவில்லை.

இரவு மணி 9. பேசினில் நூடுல்ஸ் அடி தெரிகிறது. சூப் பானையைச் சாய்த்து ஊற்றுகிறார்கள். தோளில் பையுடன் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வருகிறார்.

"அண்ணே, இருக்கா?"

"ஒரே ஒரு பிளேட் தேறும். பேஜோ தூள்தான் இருக்கு, பரவாயில்லையா?"

"போடுங்கண்ணே. வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."